தாமியா ஜீப்பைத் தண்டவாளத்தில் ஏற்றுவது: ஒரு பர்மா ஜீப் ரயில் செய்முறை

மோல்மேன் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது: "ஜப்பான் கம்பெனி தாமியாவின் 1/35 (நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு அளவு) வில்லிஸ் ஜீப் கிட் ஒன்று கையில் இருக்கிறது. சண்டைக் காலத்தில் வட பர்மாவில் மொகாங் பக்கம் ஜீப்பை வைத்தே ரயில் ஓட்டினார்கள் என்று தாத்தா சொல்வார். அதேபோல் இதையும் ஓடவைக்க ஆசை. சாதாரணமாகக் கிடைக்கிற ஓஓ மாடல் தண்டவாளம் வாங்கினால் போதுமா? மோட்டாரை ஜீப்புக்குள் எங்கே வைப்பது? கரண்டைத் தண்டவாளம் வழியாகக் கொடுப்பதா?"

ஓடவைக்கலாம். தண்டவாளத்தை மட்டும் அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். மோட்டாரை ஜீப்புக்குள் வைக்காதீர்கள், பின்னால் வரும் வேகனுக்குள் வையுங்கள். கரண்டைப் பாட்டரியில் எடுங்கள். இந்த மூன்றையும் ஒத்துக்கொண்டால் மீதி வேலை பொறுமை மட்டும்தான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தாத்தா சொன்னது. அது கதையில்லை. 1944 ஜூன் கடைசியில் மொகாங் ஜப்பான்காரர்கள் கையிலிருந்து போனது. ஆகஸ்ட் 3-ஆம் தேதி மிச்சினாவும் போனது. அந்தப் பக்கத்தில் பாதை இருந்தது, வேகன்களும் ஓரளவு இருந்தன. இழுக்க எஞ்சின்தான் இல்லை. நேசநாட்டு விமானங்களே அவற்றைத் தேடித் தேடிக் குண்டு போட்டிருந்தன. மழைக்காலம் வேறு, ரோடு என்று சொல்லும்படி எதுவும் மிஞ்சவில்லை. அப்போதுதான் ஜீப்பின் டயர்களைக் கழற்றிவிட்டு, விளிம்பு வைத்த இரும்புச் சக்கரங்களை மாட்டி, பின்னால் வேகன்களைக் கோத்தார்கள். பிரிட்டிஷ் 36-ஆவது டிவிஷன் மொகாங்கிலிருந்து கத்தா, இந்தோ பக்கம் இறங்கியபோது அதற்குச் சாமான் கொண்டுபோனவற்றில் இந்த ஜீப் ரயில்களும் உண்டு.

அறுபது குதிரைசக்தி, ஆயிரத்து நூறு கிலோ சொச்சம் எடை, இவ்வளவுதான் வில்லிஸ் ஜீப். அது எப்படி ரயில் வேகனை இழுத்தது என்று கேட்பவர்கள் உண்டு. இரும்பின் மேல் இரும்பு உருளும்போது தடை மிகக் குறைவு. சமதளத்தில் ஒரு டன் வேகனை உருட்டிக்கொண்டு போகச் சில கிலோ இழுவிசையே போதும். ஜீப்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு இழுவிசையாகத் தண்டவாளத்தில் பிடித்தாலும் இருநூறு கிலோவுக்கு மேல் வந்துவிடும். ஏற்றம் வந்தால்தான் கஷ்டம். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். மாடலிலும் இதே கணக்குதான் நம்மைப் பிடிக்கப்போகிறது.

இப்போது தண்டவாளத்துக்கு வருவோம். 1877-இல் ரங்கூனிலிருந்து புரோமுக்குப் போட்ட முதல் பாதையிலிருந்தே பர்மா ரயில் மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் உள்ளே 1000 மி.மீ. அதை 35-ஆல் வகுத்தால் 28.6 மி.மீ. கடையில் கிடைக்கும் ஓஓ அல்லது எச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ. அதை 35-ஆல் பெருக்கிப் பாருங்கள், 578 மி.மீ. வரும். மீட்டர் கேஜில் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதன்மேல் 1/35 ஜீப்பை நிறுத்தினால் பக்கத்துக்குப் பக்கம் உடம்பு வெளியே தொங்கும். ஜீப்பின் அகலமே 1/35-இல் 45 மி.மீ. அல்லவா.

இதற்கு அடுத்த பெரிய அளவு ஓ கேஜ், 32 மி.மீ. 1/35-இல் அது 1120 மி.மீ. ஆகிறது, எட்டில் ஒரு பங்கு அதிகம். பார்த்தவுடன் கண்ணை உறுத்தாது. கையால் பாதை போடவே மாட்டேன் என்பவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் சிலீப்பர்கள், அதாவது தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் கட்டைகள், அகலப் பாதைக்காகச் செய்தவை, நீளமாக இருக்கும். விலையும் அதிகம், நம் ஊரில் கிடைக்கவும் கிடைக்காது. பாங்காக்கிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் சொந்தக்காரர்தான் தூக்கி வரவேண்டும்.

சின்ன அளவுக்குப் போனால்? 1/72 ஜீப் கிட்டுகள் நிறைய உண்டு, ஹாசேகவா கம்பெனியிலும் உண்டு. மீட்டர் கேஜ் அங்கே 13.9 மி.மீ. கடையில் கிடைப்பது 12 மி.மீ. எச்ஓ அளவில், அதாவது 1/87-இல், அந்த 12 மி.மீ. 1044 மி.மீ. ஆகி நன்றாகப் பொருந்தும். ஐரோப்பாவின் மீட்டர் கேஜ் மாடல்காரர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இடம் குறைந்த வீட்டில் வட்டப்பாதையே வேண்டும் என்றால் அந்த வழியில் போங்கள். ஆனால் 1/72 ஜீப்பின் நீளம் 47 மி.மீ., அகலம் 22 மி.மீ. கட்டைவிரல் அளவு வண்டி. உங்கள் கையில் ஏற்கெனவே 1/35 இருக்கிறது, அந்த அளவில் செய்வதில் உள்ள சுகம் தனி. கைப்பிடிக் கம்பி, ஜெர்ரி கேன் வார் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

ஓஓ தண்டவாளம்தான் கிடைத்தது, அதில்தான் 1/35 கிட் ஓடவேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கும் பர்மாவிலேயே ஒரு வழி இருக்கிறது. வடக்கு ஷான் மாநிலத்தில் நம்து–பாட்வின் சுரங்க ரயில் இரண்டு அடிப் பாதை, 610 மி.மீ. 1/35-இல் 17.4 மி.மீ. அதற்கு 16.5 மி.மீ. தண்டவாளம் ஏறக்குறையச் சரி. ஜீப்புக்குப் பதில் ஒரு லாரி கிட்டை எடுத்து, முகத்தையும் பானெட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் பலகைத் தொட்டி கட்டி ஓட்டினால் நம்பும்படி இருக்கும். லாரி முகத்தோடு ரயில் ஓடுவது இந்த நாட்டில் புதுசு இல்லையே. ஹினோ லாரி பாகங்களை வைத்து ரயில்வேயே ரயில்பஸ் கட்டி ஓட்டியிருக்கிறது. கற்பனைதான், ஆனால் ஊரோடு ஒட்டிய கற்பனை.

சரி, உங்களுக்கு என் யோசனை 28.6 மி.மீ. கைப்பாதைதான், அதாவது நாமே கையால் போடும் பாதை. பயப்படாதீர்கள். கிளைப் பாதை வேண்டாம், வட்டமும் வேண்டாம். ஒன்றரை மீட்டர் பலகை, அதில் நேராகவோ மெல்ல வளைந்தோ ஒரே ஒரு பாதை. ஒரு முனையில் இடிந்த பாலம், மறுமுனையில் மூங்கில் கொட்டகை. ஜீப் ரயில் அங்குமிங்கும் போய்வந்தால் போதும்.

தண்டவாளக் கம்பிக்கு ஓஓ பிளெக்ஸி பாதையையே (வளைக்கக்கூடிய நீளப் பாதை) வாங்கி, பிளாஸ்டிக் சிலீப்பரிலிருந்து கம்பியை மட்டும் உருவி எடுங்கள். கோட் 100 என்று சொல்லும் கம்பி 2.54 மி.மீ. உயரம். 1/35-இல் 89 மி.மீ. தேய்ந்துபோன லேசான மீட்டர் கேஜ் தண்டவாளத்துக்கு இது பொருத்தம். நிக்கல் சில்வராக வாங்குங்கள், நம் ஊர் ஈரத்தில் எஃகுக் கம்பி ஒரு மழைக்காலம் தாங்காது.

சிலீப்பருக்கு மரம் தேடி அலையவேண்டாம். பர்மா ரயில் சிலீப்பரே பியின்கடோ மரம்தான், இரும்பு போல் கனக்கும். அதை நாம் சின்னதாக அறுக்கமுடியாது. தச்சுப் பட்டறையில் கழிவாகப் போகும் தேக்குச் சீவலே போதும். ஆறு அடி நீளம், எட்டு அங்குல அகலம், நாலரை அங்குல கனம் என்ற மீட்டர் கேஜ் அளவு 1/35-இல் 52, 5.8, 3.3 மி.மீ. ஆகும். ஒரு நடுவிலிருந்து அடுத்த நடுவுக்கு 22 மி.மீ. விடுங்கள். சண்டைக்காலப் பாதைதானே, நாலைந்து கட்டை கோணலாக இருந்தாலும் அழகு. மழைக்கு மரம் ஊதிப் பாதை அகன்றுவிடாதா என்று கவலைப்படவேண்டாம். மரம் ஊதுவது குறுக்குவாட்டில்தான், நார் ஓடும் திசையில் அல்ல. சிலீப்பரின் நீளம் நாரோடு போவதால் கேஜ் அப்படியே நிற்கும். வளைந்து தொலைப்பது அடியில் உள்ள பிளைவுட்தான். அதற்கு இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்து, கீழே குறுக்குச் சட்டம் கொடுத்துவிடுங்கள்.

ஐந்தாறு கட்டைக்கு ஒரு கட்டையை மட்டும் மரத்துக்குப் பதில் செம்பு ஒட்டிய சர்க்யூட் போர்டில் வெட்டுங்கள். போர்டு 1.6 மி.மீ. கனம், இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் 3.2. மர சிலீப்பரோடு மட்டமாகிவிடும். அதன்மேல் கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் கேஜ் அசையாது. மற்றக் கட்டைகளில் எபாக்ஸி ஒரு சொட்டு போதும். தண்டவாளம் வழியாகக் கரண்ட் கொடுப்பவர்கள் இந்தச் செம்பு மேற்பரப்பை நடுவில் கீறிப் பிரிக்கவேண்டும், இல்லையென்றால் ஷார்ட் ஆகும். பாட்டரியில் ஓட்டும் நமக்கு அந்த வேலையே இல்லை. அளவுகோலுக்கு ஒரு தடிமனான ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் இரண்டு கம்பிக்கும் பொருந்துகிற மாதிரி இரண்டு வெட்டு வெட்டிக்கொண்டு, பற்றவைக்கும்போது அதை உள்ளே வைத்துப் பிடியுங்கள். வெர்னியர் அளவுக்கருவி இருந்தால் ஒவ்வொரு கட்டையிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். வளைவில் கால் மில்லிமீட்டர் கூடுதலாக விடுவது நல்லது.

மோல்மேனில் இருக்கிறீர்கள், தான்பியூசயாத் தூரமில்லை. அங்கே மரண ரயில், அதாவது சண்டைக்காலத்தில் ஜப்பான்காரர்கள் போட்ட சயாம்–பர்மா ரயில், அருங்காட்சியகத்துக்கு வெளியே ஜப்பான் சி56 எஞ்சின் நிற்கிறது. ஜப்பானில் 1067 மி.மீ. பாதையில் ஓடியதை மீட்டர் கேஜுக்கு மாற்றி இங்கே கொண்டுவந்த வகை. போனால் பழைய பாதைத் துண்டுகளையும் அளந்து வாருங்கள், படம் எடுத்து வாருங்கள். புத்தகத்து அளவைவிடக் கண்ணால் பார்த்தது மாடலுக்கு உதவும். அந்த 415 கிலோமீட்டர் பாதையிலும் ரோட்டில் ஓடும் லாரிக்கு ரயில் சக்கரம் மாட்டி ஜப்பான்காரர்கள் ஓட்டினார்கள், ஆகவே கிட் மாற்றுகிறவர்களுக்கு அதுவும் ஒரு விஷயம்தான். ஆனால் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துவந்த நம் ஆட்கள் பல்லாயிரம் பேர் அதில் செத்தார்கள். அதை மாடலாகச் செய்கிறவர் வெறும் வண்டியை மட்டும் செய்துவிட்டு, பக்கத்தில் சிரிக்கிற பொம்மை சோல்ஜரை நிறுத்திவைப்பது எனக்குப் பிடிக்காது. செய்வதாக இருந்தால் முழுதாக யோசித்துச் செய்யுங்கள்.

அடுத்தது சக்கரம். இதில்தான் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஜீப்பின் இரண்டு பக்க டயர்களுக்கும் நடுவே 49 அங்குலம், அதாவது 1245 மி.மீ. மீட்டர் கேஜ் அதைவிடக் கிட்டத்தட்ட கால் மீட்டர் குறுகல். ஆகவே ரயில் சக்கரம் டயர் இருந்த இடத்தில் நிற்காது. இரண்டு பக்கமும் 12 செ.மீ. உள்ளே போகவேண்டும். 1/35-இல் அது ஒவ்வொரு பக்கமும் மூன்றரை மி.மீ. கிட்டில் உள்ள பிரேக் டிரம்மும் பட்டை ஸ்பிரிங்கும் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். டிரம்மை அடியோடு அரத்தால் தேய்த்து எடுங்கள். பட்டை ஸ்பிரிங்கை விட்டுவையுங்கள், அது இல்லாவிட்டால் ஜீப் ஜீப்பாகத் தெரியாது.

சக்கரத்தை லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்குவது நல்லது. ஜீப் டயரின் வெளிவிட்டம் இந்த அளவில் ஏறக்குறைய 21 மி.மீ. இரும்புச் சக்கரம் அதைவிடச் சிறிதாக, 18 மி.மீ. வைத்தால் பார்க்க எடுப்பாக இருக்கும். மொத்த அகலம் 4 மி.மீ., அதில் விளிம்பு 1 மி.மீ. கனம், 1 மி.மீ. உயரம். உருளும் பரப்பு தட்டையாக இருக்கக்கூடாது. விளிம்புப் பக்கம் பெரிதாகவும் வெளிப்பக்கம் சற்றுச் சிறிதாகவும் இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் கடையச் சொல்லுங்கள். வண்டியைப் பாதையின் நடுவில் வைத்திருப்பது இந்தச் சரிவுதான், விளிம்பு கடைசிக் காவல் மட்டும். லேத்காரர் "இவ்வளவு சின்னச் சரிவு எதுக்கு?" என்று கேட்பார், விடாதீர்கள்.

சக்கரங்களின் முதுகுக்கு முதுகு (உள்முகத்துக்கு உள்முகம்) இடைவெளி 26 மி.மீ. கணக்கு எளிது: 28.6-இல் இரண்டு விளிம்பின் கனம் 2 மி.மீ. போக, ஆட்டத்துக்கு அரை மில்லிமீட்டர் சொச்சம். 2 மி.மீ. எஃகு அச்சில் இந்த இடைவெளிக்கு நிறுத்தி ஒட்டுங்கள். அப்புறம் ஒரு சின்ன வேலை இருக்கிறது, இதைச் செய்தால் மாடலே மாறிவிடும். கிட்டில் வரும் சக்கரத்தின் நடுப்பகுதியை, அந்த ஐந்து போல்ட் உள்ள வட்டத்தை மட்டும் கத்தியால் வெட்டி எடுத்து, பித்தளைச் சக்கரத்தின் முகத்தில் ஒட்டுங்கள். ரயில் சக்கரத்தை ஜீப்பின் ஹப்பில் போல்ட் போட்டு மாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கிறவருக்குத் தானாகப் புரியும்.

முன் அச்சு ஆடவேண்டும். நாலு சக்கரமும் இறுக்கமாக இருந்தால், கைப்பாதையில் எங்கேயாவது ஒரு சக்கரம் காற்றில் தொங்கும். அடுத்த வளைவில் அந்தச் சக்கரம்தான் ஏறித் தடம்புரளும். பின் அச்சைச் சேசிஸில் இறுக்கிவிடுங்கள். முன் அச்சை ஒரு பித்தளைக் குழாய்க்குள் ஓடவிட்டு, அந்தக் குழாயின் நட்டநடுவில் மட்டும் மேல்பக்கம் ஒரு கம்பியைக் குறுக்காக, அதாவது வண்டியின் நீளவாட்டில், பற்றவையுங்கள். பேப்பர் கிளிப் கம்பி போதும். கம்பியின் இரு முனையும் சேசிஸில் துளைக்குள் சுழலட்டும். இப்போது முன் அச்சு தராசுக் கோல் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும், வண்டி மூன்று புள்ளியில் நிற்கும். அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலே போதும், அதற்குமேல் விடாதீர்கள்.

இனி மோட்டார். 1/35 ஜீப்பின் பானெட்டுக்குள் ஒரு என்20 கியர் மோட்டாரை எப்படியாவது திணிக்கலாம். 12 மி.மீ. அகலம், 10 மி.மீ. உயரம், கியரோடு 25 மி.மீ. நீளம் உள்ள சாமான் அது. திணித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முன்பு சொன்ன எடைக் கணக்கைப் பாருங்கள். ஜீப் மாடல் எடைக்கு ஈயமெல்லாம் வைத்தும் 80 கிராம் வந்தால் அதிகம். அதில் ஐந்தில் ஒரு பங்கு, 16 கிராம்தான் இழுவை. அதுவும் நாலு சக்கரமும் ஓட்டினால். ஒரே அச்சை ஓட்டினால் பாதி. மரத்தில் கட்டிய 1/35 வேகன் ஒன்று 300 கிராம் வரும். சமதளத்தில் அதைக் கஷ்டப்பட்டு இழுக்கும், ஐம்பதுக்கு ஒன்று ஏற்றம் வந்தாலே சக்கரம் வழுக்கும். தவிர, ஜீப் திறந்த வண்டி. உள்ளே இடமில்லாமல் மோட்டார், வயர், பாட்டரி என்று அடைத்தால் சீட்டும் டாஷ்போர்டும் போய்விடும். தாமியா வார்ப்பில் அழகாகக் கொடுத்ததையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு மோட்டாரைக் காப்பாற்றுவதில் என்ன பிரயோஜனம்?

மூடிய வேகன் என்றால் உள்ளே இடம் கொட்டிக் கிடக்கிறது. எடை எவ்வளவு ஏற்றினாலும் யாருக்கும் தெரியாது. பாட்டரியோடு 400 கிராம் வைத்தால், இரண்டு அச்சையும் ஓட்டும்போது 80 கிராம் இழுவை கிடைக்கும். பார்க்கிறவருக்கு ஜீப் இழுக்கிறது. உண்மையில் வேகன் தள்ளுகிறது.

வேகனின் சக்கர விட்டம் 20 மி.மீ. வையுங்கள். அச்சின் நடு, தண்டவாளத்துக்கு 10 மி.மீ. மேலே இருக்கும். தரைப்பலகை 31 மி.மீ. உயரத்தில் வரும். மோட்டாரைப் பலகைக்கு மேலே குறுக்காகப் படுக்கவைத்தால் மோட்டார் அச்சின் நடு 36 மி.மீ. உயரத்தில் நிற்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 26 மி.மீ. அரை மாட்யூல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்), 26 பல் கொண்ட பல்சக்கரத்தின் விட்டம் 13 மி.மீ. மூன்று ஒரே மாதிரிப் பல்சக்கரங்களை மேலிருந்து கீழாகக் கோத்தால் சரியாக 26 மி.மீ. எட்டிவிடும். பலகையில் ஒரு நீள்துளை வெட்டினால் போதும். உங்கள் வேகன் சற்றுத் தாழ்வாக அமைந்துவிட்டால் நடுச் சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள், தூரம் குறைந்துவிடும். கெட்டுப்போன பிரிண்டரிலும் பொம்மையிலும் இந்த மாதிரிப் பல்சக்கரங்கள் ஏராளம். இரண்டாவது அச்சுக்கு இன்னொரு மோட்டார் போடலாம், அல்லது முதல் அச்சிலிருந்து ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பெல்ட் போட்டு இழுக்கலாம். பெல்ட் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் தளர்ந்துவிடும், மாற்றுவதற்கு வழி வைத்துக் கட்டுங்கள்.

வேகத்தைக் கணக்குப் போடாமல் மோட்டார் வாங்காதீர்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்தால், 1/35-இல் வினாடிக்கு 238 மி.மீ. 20 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 63 மி.மீ. ஆகவே நிமிடத்துக்கு 227 சுற்று. 6 வோல்ட்டில் 300 சுற்று என்று எழுதியிருக்கும் மோட்டாரை 3.7 வோல்ட் லித்தியம் செல்லில் ஓட்டினால் 185 சுற்று அளவில் வரும். அது அந்தக் கணக்கில் 24 கிலோமீட்டர். பாழாய்ப்போன பாதையில் ஓடும் ஜீப் ரயிலுக்கு அது தாராளம். ஆயிரம் சுற்று மோட்டார் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் பலகையின் முனையில் போய் விழும்.

கரண்டுக்கு வருவோம். தண்டவாளம் வழியாகக் கொடுத்தால் சக்கரத்தை அச்சிலிருந்து இன்சுலேட் செய்யவேண்டும், கரண்ட் எடுக்கும் தகடு உரசவேண்டும், ஈரத்தில் கறுக்கும் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். இதெல்லாம் செய்து முடித்தால், வீட்டில் கரண்ட் முறை வைத்து வருகிறது. நண்பர்களைக் கூப்பிட்டு வைத்திருக்கும் நேரத்தில் போய்விடும். 18650 செல் ஒன்று 18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம். வேகனுக்குள் இருக்கிற இடமே தெரியாமல் உட்காரும். சோலார் விளக்குக் கடைகளிலேயே செல்லும், டிபி4056 என்ற சின்ன சார்ஜ் போர்டும் கிடைக்கும். பாதுகாப்புச் சர்க்யூட் சேர்ந்த போர்டாகக் கேட்டு வாங்குங்கள், செல்லைச் சுத்தமாக வடியவிட்டால் கெட்டுவிடும். பழைய பொம்மை காரின் ரிமோட் போர்டை எடுத்துப் போட்டால் முன்னால் போகும், பின்னால் போகும், அதற்குமேல் ஒன்றுமில்லை. வேகம் கூட்டிக் குறைக்கவேண்டும் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரும் சிறிய பிரஷ் மோட்டார் கன்ட்ரோலரும் வாங்கவேண்டும். மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்பதில்தான் ரயிலின் கம்பீரம் இருக்கிறது, ஆகவே அதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

வேகன் தள்ளும் ஏற்பாட்டில் ஒரே ஒரு சங்கடம். முன்னால் போகும் லேசான வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினால் அது வளைவில் வெளியே எகிறப் பார்க்கும். இரண்டையும் சங்கிலியால் கட்டாதீர்கள், கம்பி மாதிரி விறைப்பான இணைப்புக் கோல் போடுங்கள். அதன் சுழல்புள்ளி ஜீப்பின் பின் பம்பரில் இருந்தால், வளைவில் அது ஜீப்பின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளும். கோலைப் பம்பருக்கு அடியில் நுழைத்துப் பின் அச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொளுவுங்கள், கீழே இருப்பதால் கண்ணில் படாது. ஈயத்தை முன் அச்சுக்கு மேலே, பானெட்டுக்குள், எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். மோட்டார் இல்லாததால் அந்த இடம் காலியாகத்தானே இருக்கிறது.

பெயின்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆலிவ் டிராப் அடித்து, சக்கரத்துக்கும் கீழ்ப்பகுதிக்கும் துருவும் செம்மண்ணும் பூசுங்கள். லாக்கர் பெயின்டை மழைநாளில் அடித்தால் வெளுத்துப்போகும், வெயில் வரும்வரை பொறுங்கள். தண்டவாளத்தில் ஓடும் ஜீப்புக்கு ஸ்டியரிங் வேலையே கிடையாது. ஆகவே டிரைவர் பொம்மை இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் விவரம் தெரிந்தவர் சிரிப்பார். ஒரு கையைக் கதவு இல்லாத பக்கத்தில் தொங்கவிடுங்கள், ஒரு காலைத் தூக்கி வையுங்கள், வாயில் ஒரு சுருட்டு.

எத்தனை வேகன் கட்டலாம் என்பதையும் கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வேகன் தவிர, அச்சு நன்றாக உருளும் 300 கிராம் வேகன்கள் மூன்று சமதளத்தில் தாராளமாக வரும், பலகை ஒன்றரை மீட்டர் என்றால் அதற்குமேல் நிற்க இடமும் இருக்காது. ஜீப்புக்கு முன்னால் போக மூன்று கியர், பின்னால் வர ஒன்றே ஒன்று, அதுவும் மெதுவானது. ஆகவே ரயிலின் மறுமுனையில் எதிர்ப்பக்கம் பார்த்து இன்னொரு ஜீப்பையும் கோத்துவிட்டால் திரும்பி வரும்போதும் பார்க்க நியாயமாக இருக்கும். அதற்கும் மோட்டார் வேண்டாம், சக்கரமும் ஈயமும் இணைப்புக் கோலும் போதும். இரண்டாவது கிட்டுக்கு இப்போதே பாங்காக் சொந்தக்காரரிடம் சொல்லிவையுங்கள்.